நைலான் ஓட்டுற 80 டன் மெஷின்ல எஃப்.இ.பி ஓடுமா? ஆசிட் லைன் ஃபிட்டிங் சம்பந்தமா

கோணம் மோல்டர்

வணக்கம். குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் பால் ஃபேக்டரிக்கு ஃபிட்டிங் செய்து தரணும். ரெண்டு லைன். ஒண்ணு ஸ்கிம் லேடெக்ஸ் (கெட்டிப் பால் பிரிச்ச பிறகு மிஞ்சுற ரப்பர் பால்) தொட்டிக்கு 98% சல்ஃப்யூரிக் ஆசிட் போற லைன். மேல் தொட்டியில இருந்து சுமார் 3 மீட்டர் இறக்கத்துல தானா இறங்குது, பம்ப் கிடையாது. இன்னொண்ணு 25% அமோனியா தண்ணி லைன். இப்போ ரெண்டுலயும் பி.பி. (பாலிபுரொப்பிலீன்) ஃபிட்டிங்தான். ஆசிட் பக்கத்துல மட்டும் சில மாசத்துல நொறுங்கி விரிசல் விடுது.

ரெண்டு லைனுக்கும் ஒரே மாதிரி எஃப்.இ.பி (டெஃப்லான் வகை பிளாஸ்டிக்) ஃபிட்டிங் 200 எண்ணம் கேக்காங்க. அரை இஞ்ச் பி.எஸ்.பி (பைப்) மரை, 10 சுத்து, சுவர் கனம் 4 மி.மீ., ஒரு பீஸோட கன அளவு 12 சி.சி.

மெஷின்: 80 டன் இஞ்செக்ஷன் மோல்டிங் (உருக்கின பிளாஸ்டிக்கை மோல்டுக்குள்ள குத்துறது), ஸ்க்ரூ டைப், நைட்ரைடிங் செய்த (நைட்ரஜன் ஏத்தி மேல்தோலைக் கெட்டியாக்கின) பேரல், பாலிஸ்டைரீன் கணக்குல ஷாட் (ஒரு தடவை குத்துற அளவு) 110 கிராம். கன்ட்ரோலர் 400 டிகிரி வரைக்கும் போகும். மைக்கா பேண்ட் ஹீட்டர். வழக்கமா ஓடுறது நைலான், பி.பி., எப்பவாவது டெல்ரின் (அசிட்டால்).

சாம்பிளா 2 கிலோ தானா (பிளாஸ்டிக் மணி) கைக்கு வந்திருக்கு, சாக்குல லேபிள் இல்லை. பால் மாதிரி லேசா நீலம் பாய்ஞ்ச, அரைகுறையா ஒளி ஊடுருவுற மணி. இது எஃப்.இ.பி-தானா, பி.டி.எஃப்.இ-யா (அசல் டெஃப்லான்), வேறெதுவுமா? இந்த மெஷின்ல ஓட்டலாமா? டெம்பரேச்சர் எவ்வளவு வைக்கணும்?

இரணியல் லேத்து

மக்கா, எஃப்.இ.பி-க்கு எதுக்கு போறே? பி.வி.டி.எஃப் எடு, அதுவும் ஃப்ளோரின் பிளாஸ்டிக்தான். 170-ல உருகும், பேரல் 200 முதல் 230 வரை போதும், உனக்க மெஷினே தாங்கும். சுருக்கம் 2-3%. எஃப்.இ.பி-யை விட இரண்டு மடங்கு பலம், மரை நல்லா நிக்கும். 98% ஆசிட்டை சாதாரண சூட்டுல தாங்கவும் செய்யும். மோல்டு எல்லாம் வேண்டாம்னா ராடு வாங்கி லேத்துல கடைஞ்சிடலாம். 200 பீஸ் என்ன பெரிய கணக்கா?

பழையாறு

இரணியல் அண்ணன் சொன்னதில் ஆசிட் லைனைப் பொறுத்தவரை தப்பில்லை. அமோனியா லைனுக்கு அது ஆகவே ஆகாது. பி.வி.டி.எஃப்-க்கு எதிரி காரம். அதன் சங்கிலியில் ஹைட்ரஜனும் ஃப்ளோரினும் மாறி மாறி நிற்கின்றன. காரம் பட்டால் ரெண்டும் ஜோடியாக ஹைட்ரஜன் ஃப்ளோரைடாகக் கழன்று போய்விடும். வெள்ளையாக இருந்த பிளாஸ்டிக் முதலில் மஞ்சள், அப்புறம் காப்பித் தூள் நிறம், அதற்குப் பிறகு மரையின் அடியில் விரிசல். அமீன் (அமோனியா இனச் சேர்மம்) பட்டாலும் இதே கதிதான். பி.எச். 12-ஐத் தாண்டினால் பி.வி.டி.எஃப்-ஐ நினைக்கவே வேண்டாம்.

எஃப்.இ.பி-யில் ஹைட்ரஜனே கிடையாது. டெட்ராஃப்ளோரோ எத்திலீன், ஹெக்ஸாஃப்ளோரோ புரொப்பிலீன் இரண்டும் சேர்ந்த கூட்டு அது. பி.டி.எஃப்.இ 1938-ல் கண்டுபிடிக்கப்பட்டது. உருகினாலும் ஓடாது, அவ்வளவு கெட்டி. 327 டிகிரியில் உருகிய பிறகும் வைத்த உருவத்தில் ஜெல்லி போல அப்படியே நிற்கும். அதனால்தான் அதை மாத்திரை போல அழுத்தி, சூளையில் வேகவைத்து, பிறகு கடைகிறார்கள். அந்தச் சங்கிலியில் அங்கங்கே ஒரு கிளையைச் செருகி உருகி ஓடும்படி ஆக்கியதுதான் எஃப்.இ.பி. டூபான்ட் 1960-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. உருகுநிலை 260-ஐ ஒட்டி, தொடர்ந்து தாங்கும் சூடு 200 முதல் 205. அடர்த்தி 2.12 முதல் 2.17. தண்ணீர் உறிஞ்சுவது 0.01 சதவீதத்துக்கும் கீழே. வெயிலால் ஒன்றும் ஆவதில்லை. நம்மூர் உப்புக்காற்றை அது கண்டுகொள்ளவே செய்யாது. ரப்பர் பால் உறைந்து ஒட்டினாலும் விரலால் உரித்தால் தோல் மாதிரி வந்துவிடும்.

பலம் மட்டும் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். இழுவலிமை 20 முதல் 28 மெகா பாஸ்கல், அவ்வளவே. இறுக்கி வைத்த மரை குளிரிலேயே மெல்ல நழுவும். இன்று இறுக்கினால் நாளைக்குத் தளர்ந்திருக்கும். எஃப்.இ.பி-யில் மரையே போட்டு அதை நம்பி 98% ஆசிட்டை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் கையில் இருக்கிற தானா என்னவென்று பாருங்கள். நகைத் தராசு போல 0.01 கிராம் காட்டும் தராசு போதும். பத்துப் பதினைந்து கிராம் மணியை மெல்லிய நூல் வலையில் கட்டி, காற்றில் ஒருமுறை, தண்ணீரில் தொங்கவிட்டு ஒருமுறை நிறுங்கள். வலையின் எடையை இரண்டிலும் கழித்துவிடுங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விடணும், இல்லையென்றால் இந்த ரகம் தண்ணீரை ஒட்டவிடாமல் காற்றுக் குமிழியைப் பிடித்துக்கொண்டு கணக்கைக் கெடுக்கும். காற்று எடையை, தண்ணீரில் எவ்வளவு எடை குறைந்ததோ அதனால் வகுத்தால் அடர்த்தி. 1.7 பக்கம் வந்தால் இ.டி.எஃப்.இ (இதே குடும்பத்து இன்னொரு பிளாஸ்டிக்). 1.78 வந்தால் பி.வி.டி.எஃப். 2.15 பக்கம் வந்தால் எஃப்.இ.பி அல்லது அதன் உறவான பி.எஃப்.ஏ. இரண்டுக்கும் அடர்த்தி ஒன்றுதான்.

அவற்றைப் பிரிக்கச் சூடு வேண்டும். வெப்பமானி வைத்த ஹாட் பிளேட்டில் அலுமினியத் தகடு, அதன்மேல் இரண்டு மணி. 280-ல் பத்து நிமிடம் வையுங்கள். எஃப்.இ.பி என்றால் நீலப் பால் நிறம் போய் கண்ணாடி போலத் தெளிந்து, மூலை மழுங்கிப் பரவும். பி.எஃப்.ஏ அந்தச் சூட்டில் அசையாது. அது 302-க்கு மேல்தான். கதவு ஜன்னல் திறந்திருக்கட்டும். தீயில் கொளுத்திப் பார்க்கும் பழக்கம் இதில் வேண்டவே வேண்டாம். சிவக்கக் காய்ச்சிய செம்புக் கம்பியில் தொட்டு பச்சைச் சுவாலை பார்க்கிற சோதனையும் இங்கே உதவாது. அது குளோரினுக்குத்தான் பச்சை காட்டும், ஃப்ளோரினுக்குக் காட்டாது.

முப்பந்தல் காத்து

டெம்பரேச்சர் கேட்டிருந்தீங்க. பின்பகுதி 315 முதல் 330, நடு 330 முதல் 345, முன்பகுதி 370, நாசில் 370. மோல்டு குறைஞ்சது 95, அதுக்கு மேல போனா இன்னும் நல்லது. தண்ணி ஓட்டி இந்தச் சூடு வராது, கார்ட்ரிட்ஜ் ஹீட்டர் வைக்கணும், மோல்டுக்கும் அதைத் தாங்குற பிளாட்டனுக்கும் நடுவுல சூடு தடுக்கிற பலகை போடணும். தானா வாங்கும்போது எம்.எஃப்.ஆர். (உருகினா எவ்வளவு ஓடும்ங்கிற எண்) கேளுங்க, 372 டிகிரி, 5 கிலோ எடையில எடுத்த கணக்கு. மோல்டிங்குக்கு அது கூடுதலா இருக்கிற கிரேடு வேணும். டியூப் இழுக்கிற கிரேடு கெட்டியா இருக்கும், மோல்டு நிரம்பாது.

கன்ட்ரோலர் 400 போகும்னு சொல்றதால மெஷின் தாங்கும்னு நினைச்சிராதீங்க. பிரச்சினை பேரல் இரும்புல இருக்கு. 370-ல எஃப்.இ.பி கொஞ்சம் கொஞ்சமா ஹைட்ரஜன் ஃப்ளோரைடு விடும். நைட்ரைடு தோலை அது தின்னும். முதல்ல பீஸ்ல சாம்பல் கோடு, அப்புறம் கறுப்புப் புள்ளி. அந்த இரும்புத் துகளே தானாவை இன்னும் வேகமா சிதைக்கும். அதனாலதான் இதுக்கு ஹாஸ்டலாய் அல்லது இன்கோனல் (ரெண்டும் நிக்கல் கலப்பு உலோகம்) ஸ்க்ரூ, நிக்கல் கலப்பு உள்பூச்சு போட்ட பேரல் கேக்கிறது. ஒரு நாள் ட்ரையல் ஓட்டிட்டு உடனே கழற்றித் துடைச்சா உங்க பேரல் பிழைச்சுக்கும். ராத்திரி உள்ளேயே விட்டுட்டுப் போனா பிழைக்காது.

கணக்கும் ஒத்துவரலை. ஒரு பீஸ் 12 சி.சி. × 2.15 = 25.8 கிராம். ஸ்ப்ரூ, ரன்னர் (பீஸுக்குப் போற வழியில உறையுற பிளாஸ்டிக்) 10 கிராம்னு வெச்சா ஷாட் 36 கிராம். உருகின எஃப்.இ.பி-யோட அடர்த்தி சுமார் 1.5, அதனால 110 கிராம் பாலிஸ்டைரீன் ஷாட்னா இதுல 150 கிராமுக்கு மேல. நீங்க அதுல கால்வாசிகூட எடுக்கலை. பேரல்ல மொத்தம் 300 கிராம் நிக்குதுன்னு வெச்சா, 60 விநாடி சைக்கிள்ல ஒவ்வொரு தானா மணியும் உள்ளே 8 நிமிஷத்துக்கு மேல வேகும். ஹாஸ்டலாய்ல அது பரவாயில்லை. இரும்புல அந்த எட்டு நிமிஷமும் அரிப்புதான்.

இன்னொண்ணு, பி.பி. மாதிரி படார்னு குத்தக்கூடாது. எஃப்.இ.பி ஒரு வேகத்துக்கு மேல போனா உருகின ஓட்டமே கிழியும். பீஸ் மேல உறைபனி படிஞ்ச மாதிரி மங்கல், நகத்தால கீறினா வெங்காயத் தோல் மாதிரி அடுக்கா உரியும். பீஸ் பாக்க நல்லா இருந்தாலும் கீறிப் பாருங்க. ஊசிமுனை கேட் (பீஸுக்குள்ள பிளாஸ்டிக் நுழையுற வாசல்) ஆகாது. 4 மி.மீ. சுவருக்கு பாதிக்கு மேல கனமான கேட், மூலை எல்லாம் வளைவா, நாசில் வழி திடீர்னு குறுகாம. பி.பி. ஒரு விநாடியில நிரம்புற மோல்டை இதுல பல விநாடி எடுத்து நிரப்பணும்.

சுருக்கம் 4%-னு போடுங்க. 20 மி.மீ. துளை வேணும்னா மோல்டுல 20.83. மரைக்குத்தான் சிக்கல். அரை இஞ்ச் பி.எஸ்.பி-க்கு ஒரு சுத்து 1.814 மி.மீ., 10 சுத்துக்கு 18.14. அதுல 4% போனா 0.73 மி.மீ. முதல் சுத்து பிடிக்கும், பத்தாவது சுத்து எதிர் மரைமேல ஏறி உக்காரும். மோல்டு மரையையே நீட்டி வெட்டணும், இல்ல பீஸை எடுத்து பிறகு மரை போடணும்.

டெல்ரின் ஓடுற மெஷின்னு எழுதியிருக்கீங்களே, அதைப் படிச்சதும்தான் இதை எழுத உக்காந்தேன். டெல்ரின் கொஞ்சம் பேரல்ல தங்கியிருந்தாலும் 370-ல அது ஃபார்மால்டிஹைடு வாயுவா மாறி நாசில் வழியா வெடிச்சு வெளிய வரும். பி.வி.சி-யும் அப்படித்தான் ஆபத்து. முன்னாடியே இயற்கை நிற எச்.டி.பி.இ. (கெட்டி பாலித்தீன்) போட்டுத் தள்ளி, நாசிலையும் ஸ்க்ரூவையும் கழற்றி பித்தளை பிரஷ் போட்டுத் தேய்ச்ச பிறகுதான் சூட்டை ஏத்தணும். முடிச்ச பிறகும் 370-ல எச்.டி.பி.இ-யைப் போடாதீங்க, அது அந்தச் சூட்டுல காத்து பட்டாலே பத்திக்கும். எஃப்.இ.பி-யை முழுசா தள்ளி காலி பண்ணி, பேரலை 280-க்கு இறக்கி, அப்புறம் எச்.டி.பி.இ. 260-க்குக் கீழ விட்டுட்டா எஃப்.இ.பி கல்லாயிடும்.

ஐப்பசி மழையில இடிக்கு கரண்டு போறது நமக்குத் தெரிஞ்சதுதான். போய்ட்டு வந்தா அவசரமா ஸ்க்ரூவைச் சுத்தாதீங்க. எல்லா ஜோனும் செட் பண்ண சூட்டுக்கு வந்து இருபது நிமிஷமாவது ஊறட்டும். பாதி உறைஞ்ச எஃப்.இ.பி-யில ஸ்க்ரூ முறிஞ்சு போன கேஸ் உண்டு. நிக்கல் கலப்பு ஸ்க்ரூவுக்கு முறுக்குத் தாங்குற சக்தி இன்னும் கம்மி.

நாசிலுக்கு மேல நேரா புகை இழுக்கிற ஹூட் கண்டிப்பா வேணும். அந்தப் புகையை மூச்சுல இழுத்தா சில மணி நேரம் கழிச்சு ஃப்ளூ மாதிரி குளிர், காய்ச்சல், நெஞ்சு இறுக்கம் வரும். வேலை செய்யும்போது ஒண்ணும் தெரியாது, வீட்டுக்குப் போன பிறகு ராத்திரிதான் நடுங்கும். 400-ஐத் தாண்டினா அதைவிட விஷமான வாயு எல்லாம் வரும். பீடி, சிகரெட் ஷெட்டுக்குள்ள வரவே கூடாது. கையில ஒட்டின தூசி பீடியில பட்டு, அது எரியுற சூட்டுல சிதைஞ்சு நேரா நுரையீரலுக்குப் போகும். பக்கத்துல லவ் பேர்ட்ஸ் கூண்டு இருந்தா அதையும் தள்ளி வைங்க, பறவைக்கு இந்தப் புகை மனுசனை விட சீக்கிரம் எமன்.

கோணம் மோல்டர்

ரொம்ப நன்றி. தானாவை நிறுத்துப் பாத்தாச்சு. காத்துல 10.75, தண்ணியில 5.75. குறைஞ்சது 5.00, அப்போ 2.15. சோப்பு விடாம முதல்ல நிறுத்தப்போ 1.9-னு வந்து குழப்பிச்சு. ஹாட் பிளேட்டுல 280-ல ரெண்டு மணியும் தெளிஞ்சு ஒட்டிப் படர்ந்திருச்சு. அப்போ எஃப்.இ.பி-தான்னு எடுத்துக்கலாமா?

ஆனா நீங்க ரெண்டு பேரும் சொல்றதைப் பாத்தா மோல்டு பண்ண வேண்டாம்னுதான் தோணுது. அப்போ பார்ட்டிக்கு என்ன சொல்றது?

பழையாறு

எஃப்.இ.பி-தான். அந்த 2 கிலோவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பார்ட்டி இரண்டு லைனுக்கும் ஒரே பொருள் கேட்டதுதான் இந்தச் சிக்கலின் வேர். பிரித்துவிட்டால் கேள்வி எளிது.

அமோனியா லைன்: இப்போது இருக்கிற பி.பி. ஃபிட்டிங்கை மாற்றவே வேண்டாம். 25% அமோனியாவுக்கு பி.பி.யும் எச்.டி.பி.இ-யும் நன்றாகத் தாங்கும். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், விரிசல் ஆசிட் பக்கத்தில் மட்டும்தான் என்று. அங்கே எஃப்.இ.பி போட்டால் காசும் போகும், அமோனியா வாயு சுவர் வழியாக லேசாகக் கசிந்து வாசமும் வரும்.

ஆசிட் லைன்: 98% சல்ஃப்யூரிக் பி.பி.யை மெல்ல ஆக்சிஜனேற்றம் செய்து பழுப்பாக்கி நொறுக்கும். இங்கே எஃப்.இ.பி-யை ஃபிட்டிங்காக அல்ல, டியூபாகப் போடுங்கள். 1 மி.மீ. சுவருள்ள டியூப் ரெடிமேடாகக் கிடைக்கும். நம் நாட்டிலேயே குஜராத் ஃப்ளோரோகெமிக்கல்ஸ் எஃப்.இ.பி செய்கிறது, அதனால் தானாவுக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. 3 மீட்டர் இறக்கத்தில், ஆசிட் அடர்த்தி 1.84 என்றால், கீழ் முனையில் அழுத்தம் 0.54 பார்தான். டியூபுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

இணைப்புக்கு டியூப் முனையை விரித்து, அதன் பின்னால் நட். நட்டுக்குத்தான் இரணியல் அண்ணன் சொன்ன பி.வி.டி.எஃப். ராடிலிருந்து கடைந்த நட். நழுவாது, மரை நிற்கும், சொட்டினாலும் ஆசிட் அதை ஒன்றும் செய்யாது. ஆசிட்டைத் தாங்குகிற வேலையை எஃப்.இ.பி பார்த்துக்கொள்ளும், இறுக்குகிற வேலையை பி.வி.டி.எஃப் பார்த்துக்கொள்ளும்.

விரிக்கும் முறை: டியூபைப் புதிய பிளேடால் நேராக வெட்டுங்கள். நட்டை முதலில் டியூபில் நுழையுங்கள். சிரிக்காதீர்கள், விரித்த பிறகு நட் ஞாபகம் வந்து வெட்டி எறிந்த முனைகள்தான் இந்த வேலையில் பெரிய சேதாரம். 220 டிகிரிக்குச் சூடாக்கிய அலுமினியக் கூம்பு ஒன்று வேண்டும். கடைசி 15 மி.மீ.-ஐ ஹாட் ஏர் கன்னில் உருட்டிக்கொண்டே காட்டுங்கள். வளைந்து கொடுக்கும் வரை காட்டினால் போதும். நிறம் தெளிய ஆரம்பித்தால் உருகுகிறது என்று அர்த்தம், உடனே விலக்குங்கள். கூம்பில் அழுத்தி, கூம்போடு சேர்த்தே தண்ணீரில் குளிரவிடுங்கள். சூடாக எடுத்தால் பழைய உருவத்துக்கே சுருங்கிவிடும். அதற்கு ஞாபகசக்தி அதிகம். 200-க்கு மேல் விரித்து குளிர்வித்தது, வேலைச் சூட்டில் அசையாது.

டியூபைத் தொங்கவிடாதீர்கள். 40 டிகிரி ஏறினால் 3 மீட்டர் டியூப் சுமார் 1 செ.மீ. நீளும், அங்கங்கே தொய்ந்து ஆசிட் தேங்கும். முழு நீளத்துக்கும் பி.வி.சி. பைப்புக்குள்ளோ சானலிலோ படுக்க வையுங்கள். கசிந்தால் தெரிய சானலின் கீழ்முனை திறந்திருக்கட்டும். மடிந்து வெள்ளைக் கோடு விழுந்த இடத்தை வெட்டி எறியுங்கள், அங்கேதான் பின்னாளில் கிழியும்.

டியூப் முனை தொட்டித் தண்ணீரில் முங்கக்கூடாது. மட்டத்துக்கு மேலே 5 செ.மீ. நிற்கட்டும். முங்கினால் வால்வை மூடும்போது பால் தண்ணீர் டியூபுக்குள் ஏறி 98% ஆசிட்டோடு கலந்து உள்ளேயே கொதிக்கும். எஃப்.இ.பி அந்தச் சூட்டைத் தாங்கும், பக்கத்தில் நிற்கிற ஆள் தாங்க மாட்டார்.

இரணியல் லேத்து

அது கொள்ளாம். பி.வி.டி.எஃப் ராடை நல்லா கூரா உள்ள டூல்ல கடைங்க, சூடு ஏறவிடக்கூடாது, கடைஞ்சு முடிச்ச உடனே அளக்காம ஆறினதுக்கு அப்புறம் அளங்க. ஆறும்போது துளை கொஞ்சம் மாறும். ஒரு சந்தேகம், பழையாறு தம்பி. அமோனியா லைன்ல இப்ப இருக்கிற பி.பி. ஃபிட்டிங்குக்கு நட் மட்டும் பித்தளையில போட்டுக் கொடுக்கலாமா? என்கிட்ட ஸ்டாக் கிடக்கு.

பழையாறு

வேண்டாம் அண்ணே. இறுக்கிய பித்தளையும் அமோனியாவும் சேர்ந்தால் கத்தியால் கீறின மாதிரி நட்டில் நெடுக்க விரிசல் விழும், கை பட்டதும் இரண்டாகப் பிளக்கும். எஸ்.எஸ். 304 இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் பி.பி. நட்டே இருக்கட்டும். எஸ்.எஸ். நட் என்றால் அமோனியா லைனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆசிட் பக்கம் போட்டால், 98%-ல் தாங்குகிற மாதிரித் தோன்றும், ஆனால் வெளியே சொட்டிய ஆசிட் மழை ஈரத்தை இழுத்து 50%-க்கு இறங்கும்போது அது 316-ஐயும் தின்றுவிடும்.

கோணம் மோல்டர்

புரிஞ்சுது. ஆசிட் லைனுக்கு எத்தனை இணைப்புன்னு போய் எண்ணிப் பாத்தேன், மொத்தம் 14-தான். 200 கேட்டது ரெண்டு லைனுக்கும் ஸ்பேருக்கும் சேர்த்து. 14 நட்டுக்கு ராடு போதும். மோல்டு பேச்சையே எடுக்கலை.